வென்டல் கூலஸின் ஒரே மஸ்கி

என் தங்கை டார்லாவைக் கட்டிக்கொண்ட வென்டல் கூலஸ், மிட்டன் ஏரி மஸ்கி சங்கத்தின் தலைவன். அவனைத் தலைவனாக்கியது அவன் பிடித்த மீன்கள் அல்ல. அந்த வேலை வேறு யாருக்கும் வேண்டாம், அவ்வளவுதான். கூட்டம் முடிந்தபின் நாற்காலி அடுக்கவும் பீர் டின் பொறுக்கவும் ஒருவன் வேண்டும். அவனுக்குத் தலைவர் என்று பட்டம் கொடுத்துவிட்டால் சந்தோஷமாகச் செய்வான்.

வாரநாட்களில் அவன் கேஸ் லாரி ஓட்டுகிறான். வீடு வீடாகப் போய்த் தொட்டியை நிரப்பிவிட்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் மஸ்கியைப் பற்றி ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் நகர்வான். குளிர்காலத்தில் அவன் லாரிச் சத்தம் கேட்டால் வீட்டில் ஆள் இல்லாததுபோல் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. நானும் ஓரிரு முறை அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

மஸ்கி, முதலை மூஞ்சியும் வாய் கொள்ளாத பல்லும் உள்ள மீன். வளர்ந்தால் ஆள் இடுப்பு உயரத்துக்கு வரும். எங்கள் ஏரியில் அதை யாரும் தின்பதில்லை. பிடிப்பார்கள், அளப்பார்கள், கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், திரும்ப விட்டுவிடுவார்கள். இதில் இன்னும் வேடிக்கை, மிட்டன் ஏரியில் தானாகப் பிறந்த மஸ்கி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மீன்பண்ணை லாரியில் குஞ்சாக வந்து இறங்கியவை. அதற்கான காசுக்குச் சங்கம் ரோலியின் பாரில் மாதாமாதம் இறைச்சிக் குலுக்கல் நடத்தும். யாரோ ஒரு பன்றித் தொடையை ஜெயித்துக்கொண்டு போவார்கள், ஏரிக்கு மீன் வரும். இவர்களே வாங்கி, இவர்களே கொட்டி, வளரும்வரை காத்திருந்து, பிறகு ஜூலை மாதம் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதோடு மல்லுக்கு நிற்பார்கள். கரைக்கு வந்து, என்ன வெறி, என்ன ஆக்ரோஷம் என்று பேசுவார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. அடக்கியதும் இல்லை.

இந்த மீனுக்கு ஒரு குணம். மரத்தில் செய்த பொய்மீனைத் துரத்திக்கொண்டு படகுவரை வரும். வந்து, பிடிக்க நிற்கிற ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதனால் பொய்மீனை மேலே தூக்குமுன் தூண்டில் கோலின் நுனியைத் தண்ணீரில் விட்டு எட்டு போடவேண்டும். அந்தக் கடைசி வளைவில் சில சமயம் கடிக்கும். வென்டல் எட்டு போட்டுப் போட்டு, காபியையே எட்டாகத்தான் கலக்குவான். தரை துடைக்கச் சொன்னால் நடுவில் எட்டு எட்டாகப் பளபளக்கும், மூலையெல்லாம் அழுக்கு அப்படியே இருக்கும் என்று டார்லா தலையில் அடித்துக்கொள்வாள்.

இத்தனை எட்டுக்கும் பலன்? சங்கம் ஒவ்வொரு ஜூலையிலும் நடத்தும் இரண்டு நாள் மஸ்கிப் போட்டியில் இருபத்திரண்டு வருடமாகக் கலந்துகொண்டும் அவன் பெயரில் ஒரு மீன்கூடக் கணக்கில் இல்லை. வரும், பார்க்கும், போகும். பார் நடத்துகிற ரோலி வாண்டஹே நாலைந்து முறை ஜெயித்தவன். சாயங்காலம் வென்டல் உள்ளே நுழைந்ததும் கல்லாவிலிருந்தே ஆரம்பிப்பான்.

"என்னடா வென்டல், இன்னைக்கு எத்தனை பேரு வந்து உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போனாங்க?"

"ரெண்டு. ஒண்ணு பெருசு, ரோலி. சத்தியமா."

"பெருசுக்குக் கொஞ்சம் விவரம் இருக்கும்ல."

கடைசியில் டார்லாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவர்கள் வீட்டில் கார் நிறுத்த ஒரே ஒரு கொட்டகை. அதில் படுத்திருப்பது படகு. அவள் கார் வெளியே பனியில் நிற்கும். காலையில் வேலைக்குப் போகுமுன் கண்ணாடியில் உறைந்த ஐஸை அவள் சுரண்டும் சத்தம் எதிர்வீட்டில் இருக்கும் எனக்குக் கேட்கும். போன வசந்தத்தில் என்னைச் சாட்சிக்கு உட்காரவைத்து அவனிடம் சொன்னாள்:

"இந்த வருஷப் போட்டியிலயும் உன் பேர்ல மீன் இல்லன்னா படக வித்துடணும். என் கார் உள்ள வரும். சரியா?"

"மீன் வந்துட்டா?"

"வந்துட்டா நான் சாகுற வரைக்கும் ஐஸ் சுரண்டறேன். ஒரு வார்த்த பேசமாட்டேன்."

வென்டல் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ளும்போது அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பெண்டாட்டி போய்விடுவாளோ என்று பயந்தால்கூட அப்படி வெளிறியிருக்கமாட்டான்.

அந்த ஜூலையில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் நாய்கூட நிழலைவிட்டு நகராத வெயில். எங்கள் போட்டிக்கு ஒரு விதி உண்டு. ஏரியின் மேல்தண்ணீர் எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால் போட்டி கிடையாது. சூடான தண்ணீரில் சண்டை போட்ட மஸ்கி, விட்டதும் நன்றாகத்தான் நீந்திப் போகும். இரண்டு நாள் கழித்துச் செத்து மிதக்கும். இது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அந்த விதியை எழுதியவனும், அதற்காக மேஜையைக் குத்திப் பேசியவனும் வென்டல்தான். ரோலியின் படகுத்துறையில் கயிற்றில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து அறிவிப்பதும் தலைவர் வேலை.

சனிக்கிழமை விடிந்ததும் அவன் துறையின் நுனிக்குப் போனான், குனிந்தான், நிமிர்ந்தான். "எழுபத்தாறு!" என்று கத்தினான். எல்லாரும் விசிலடித்தார்கள். நான் நடுவர் படகை ஓட்டுகிறவள். போகிற போக்கில் தண்ணீரில் கையை விட்டேன். பாத்திரம் கழுவுகிற வெந்நீர் மாதிரி இருந்தது.

"வென்டல், சரியாப் பாத்தியா?"

"எனக்குப் படிக்கத் தெரியும் ஆர்லிஸ். நீ படக ஓட்டு."

ஞாயிறு மத்தியானம் வடக்கு ஓரத்திலிருந்து அவன் ஊதல் சத்தம் வந்தது. மீன் கிடைத்தால் மூன்று முறை ஊதவேண்டும். அவன் ஊதிக்கொண்டே இருந்தான். அவன் வாய்க்குப் பயந்து கூட வர யாரும் ஒத்துக்கொள்ளாததால் படகில் தனியாக நின்றான். கையில் பெரிய வலை, வலைக்குள் மஸ்கி. எட்டின் இரண்டாவது வளைவில் கடித்ததாம். பலகையில் வைத்து அளந்தேன். ஐம்பது அங்குலம், அதற்கு மேலும் அரை. அந்த வருடத்தில் அதைவிடப் பெரிது யாரும் பிடிக்கவில்லை. மடையன் அழுதான்.

அழுதவன் சும்மா இருந்தானா? படம் வேண்டுமாம்.

"இன்னொண்ணு எடு ஆர்லிஸ், கண்ண மூடிட்டேன்."

"தண்ணியில விடுடா, மூச்சு முட்டுது அதுக்கு."

"தொப்பி கோணலா இருக்கு. ஒண்ணே ஒண்ணு."

திட்டித் திட்டித்தான் தண்ணீரில் இறக்கவைத்தேன். வாலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்தது. மெதுவாகப் போய்விட்டது. தானாக நீந்திப் போன மீன் கணக்கில் செல்லும் என்பது விதி. செல்லும் என்று கையைத் தூக்கினேன். அவ்வளவுதான், வென்டல் கூலஸ் ஜெயித்தான். அன்று சாயங்காலம் படகு ராஜா மாதிரி கொட்டகைக்குள் போனது. டார்லா ஒரு வார்த்தை பேசவில்லை. காரைப் பழைய இடத்தில் நிறுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை காலை என் சமையலறைக்குள் நாற்றம் வந்தது. வெளியே போய்ப் பார்த்தால், என் படகுத்துறைக் காலில் இடித்துக்கொண்டு ஒரு மஸ்கி வயிறு மேலாக மிதந்தது. கரை நெடுக ஒவ்வொரு வீட்டுக்காரரும் துறையில் நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் ஏழு மீன்கள். போட்டியில் பிடித்து விட்டது எத்தனையோ, கிட்டத்தட்ட அத்தனையும்.

டார்லாவைக் கூப்பிட்டேன். பின்னாலேயே வென்டல் மண்வெட்டியோடு வந்தான். செத்த மீனைப் புதைப்பதும் தலைவர் வேலையாம். மீனைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. டார்லா குந்தி உட்கார்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, குச்சியால் அதன் தாடையைத் தூக்கினாள். உள்ளே ஒடிந்த கொக்கித் துண்டு சிவப்பாக இருந்தது. மீனுக்குச் சிவப்பு பிடிக்கும் என்று, வென்டல் அவள் நகப்பூச்சைத் திருடித்தான் கொக்கிக்கெல்லாம் பூசுவான்.

"இது என்னோடது இல்ல," என்றான் வென்டல், யாரும் கேட்காமலே.

"பூச்சு என்னோடது," என்றாள் டார்லா.

"என் மீன் நீந்திப் போச்சு. ஆர்லிஸ் பாத்தா. இது... இது கொஞ்சம் சின்னது."

பலகையைக் கொண்டுவரட்டுமா என்றேன். வேண்டாம் என்று மண்வெட்டியைப் பார்த்தபடி சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதே மண்வெட்டியால் ஒன்று போட்டிருப்பேன். அதைவிட்டு நேராக ரோலியின் துறைக்குப் போய் அந்த வெப்பமானிக் கயிற்றை இழுத்தேன். ஒரு முழம் இருக்கவேண்டிய கயிறு. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஏரியின் அடியில் ஊற்று கிளம்பும் இடம்வரை இறக்கியிருக்கிறான். வெளியே வந்த வெப்பமானி எழுபத்தாறைத்தான் காட்டியது.

திரும்பி வந்து கேட்டேன். இரண்டு பேரும் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்கள்.

"மீனு அடியிலதானே இருக்கு ஆர்லிஸ்? மீனு இருக்கற எடத்துல அளந்தேன். இதுல என்ன தப்பு?"

"பிடிச்சது அடியிலயா? உன் படகு ஓரத்துல, மேல் தண்ணியில. அங்க வெச்சுதானே அவ்வளவு போட்டோ எடுத்த?"

எல்லார்முன்னும் உன் மானத்தை வாங்குகிறேன் பார் என்று கிளம்பினேன். டார்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லாதக்கா. வெள்ளிக்கிழமை அவன்தானே கதை சொல்லணும்? சொல்லட்டும். படகும் அவன்கிட்டதான் இருக்கு, வாயும் அவன்கிட்டதான் இருக்கு."

போட்டி முடிந்த வெள்ளிக்கிழமை ரோலியின் பாரில் ஊரே கூடி வறுத்த மீன் சாப்பிடும். எங்கோ கடலில் பிடித்து உறையவைத்து வந்த காட் மீன். ஏரி மீனை வாழ்த்த அதைத்தான் தின்போம். அன்று ஜெயித்தவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, முதல் வீச்சிலிருந்து மீன் விடைபெற்றுப் போனதுவரை கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் கதையில் இருபத்திரண்டு வருடம் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அன்றுதான் மைக் கிடைத்தது.

எழுந்தான். புதுச்சட்டை, அதே தொப்பி. ஆரம்பத்தில் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பிறகு அந்தப் பாழாய்ப்போன உற்சாகம் வந்துவிட்டது. மேகம் எப்படி இருந்தது, காற்று எந்தப் பக்கம், எத்தனையாவது வளைவில் தண்ணீர் வெடித்தது எல்லாம் சொன்னான். மைக்கைப் பிடித்த கையாலேயே எட்டு போட்டுக் காட்டினான், ஒலிபெருக்கி கீச்சென்று அலறியது. யாரும் சிரிக்கவில்லை. ஏழு மீன்களை ஊரே புதைத்திருந்தது. எழுபத்தாறு டிகிரித் தண்ணீரில் அவை ஏன் செத்தன என்றுதான் யாருக்கும் புரியவில்லை. வெப்பமானியின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வென்டலை முட்டாள் என்று நினைத்தார்கள், திருட்டுத்தனம் செய்யத் தெரிந்தவன் என்று யாரும் நினைக்கவில்லை.

"அப்புறம் வால விட்டேன்," என்றான் வென்டல். "ஒரு தடவ என்னைத் திரும்பிப் பாத்துச்சு. கம்பீரமா போச்சு."

கைதட்டல் இல்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நான் எழப்போன நேரம், கல்லாப் பக்கமிருந்து ரோலி கேட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போல் கிண்டலடிக்கத்தான் கேட்டான்.

"எங்கடா போச்சு, வென்டல்?"

வென்டல் எங்கள் மேஜையைப் பார்த்தான். டார்லா கோஸ் சாலட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஒரு வார்த்தை மழுப்பியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். மழுப்புவதற்கு அவனைவிடப் பழகியவன் அந்த ஊரில் இல்லை.

"ஆர்லிஸ் வீட்டுத் துறைக்கு," என்றான். "செத்து. அது என் மீனுதான். மத்த ஆறும் என்னாலதான். தண்ணி எழுபத்தாறு இல்ல. மேல எம்பத்துமூணு இருந்துச்சு. நான் கயித்த அடிவரைக்கும் விட்டேன்."

யாரோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள். ரோலி பார் துண்டைக் கல்லாமேல் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டான். வென்டல் மைக்கை அணைக்கத் தெரியாமல் அணைத்து, எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்கு இன்றுவரை எரிச்சலாக இருக்கிறது.

டார்லா சாலட்டைத் தள்ளிவைத்தாள்.

"படகோட அத ஏத்தற டிரெய்லரையும் சேத்தே வித்துடு," என்றாள். "அதுவும்தான் இடத்த அடைக்குது."

"சரி," என்றான் வென்டல்.