வெடி வைத்த கிணற்றின் காற்று

அன்று எட்டாம் வகுப்புக்கு அடர்த்திப் பாடம் எடுத்தேன். பூமியின் நடுவே இரும்பு, அதற்கு மேல் பாறை, மண், தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே காற்று. காற்றிலும் கனமானது கீழே, உயரப் போகப் போக லேசு. சொல்லி முடித்து, மதுக்கரை பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்கு வந்தேன்.

கிணற்று மேட்டில் என் கொழுந்தன் மட்டும் நின்றான். தொண்ணூறுகளில் மழை பொய்த்த வருஷம் அது. முந்தின நாள்தான் கிணற்றுப் பாறைக்கு வெடி வைத்திருந்தோம். வெடி வைத்த கிணற்றில் லாந்தரைக் கொளுத்தி இறக்கிப் பார்க்காமல் எங்கள் பக்கம் யாரும் இறங்க மாட்டார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று.

"அண்ணன் எங்க தம்பி?"

"ஊத்து வந்திருக்குதான்னு பாக்க எறங்கீட்டாருங்க நங்கை." அண்ணன் மனைவியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "சீமெண்ணெய் இல்லீங்க, டார்ச்சைக் கட்டி உட்டுப் பாத்தோம். அடிவரைக்கும் பளிச்சுனு எரிஞ்சுதுங்க."

அட பாவிகளா! டார்ச் எரியக் காற்று எதற்கு? வெடிப்புகை கனம், அடியில்தானே படிந்து கிடக்கும்! "ஏனுங்க!" என்று கத்தினேன். "வாரேன்" என்று குழறலாகக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பாதிப் படி ஏறியவர் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இருக்கிற மோட்டார் மேடையில் சரிந்து விழுந்தார்.

கொழுந்தன் பாய்ந்தான். அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கொழுந்தன் எதிரில் அண்ணி உட்காரக்கூடத் தயங்குகிற வீடு எங்களுடையது.

"உடுங்க நங்கை, அண்ணன் செத்துப்போயிருவாரு!"

"நீயும் செத்துப்போவடா!"

போ என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. கையை மட்டும் விடவில்லை.

என் கூச்சலுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் லாந்தரோடு ஓடி வந்தார்கள். இறக்கினோம், அணைந்தது. வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கினோம். தொட்டித் தண்ணீரைக் குடங்குடமாக உள்ளே வீசினோம். மறுபடி லாந்தர். மாசாணியம்மா, அணையக் கூடாது, அணையக் கூடாது! மேடைவரை எரிந்தது. அதற்கப்புறம்தான் கொழுந்தனை இறங்கவிட்டேன்.

பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"அவன் எறங்க வந்தப்ப நீ புடிச்சு நிறுத்திப்போட்டியாமா?"

"ஆமாங்க."

"லாந்தர் மறுக்காவும் அணைஞ்சிருந்தா?"

"அப்பவும் உட்டிருக்க மாட்டேனுங்க."

சோறு பிசைந்த கை நின்றது. "அப்ப நானு?" என்றார்.

அழுதுகொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.