காமாலை என்று சொன்னோம்

எனக்கு வந்தது மஞ்சள் காமாலை என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருந்தோம். அது அம்மாவின் ஏற்பாடு. ரத்தப் புற்று என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், நாளைக்குப் பெண் கேட்டு ஒருவனும் வாசலுக்கு வரமாட்டான் என்று பயந்தாள். சென்னை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி என் முடியெல்லாம் கொட்டியபோது, பெரியபாளையத்தம்மனுக்கு நேர்ந்துகொண்ட மொட்டை என்றாள். நோய் எப்படிக் குணமானது என்று கேட்டவர்களுக்கு, பொன்னேரிப் பக்கம் ஒரு வைத்தியர் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார் என்றாள். பொய் நிற்க வேண்டுமானால் அதற்குக் கைகால் வைக்கத்தானே வேண்டும்? எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா சொன்னதை அவளைவிட அழகாகச் சொல்லுவேன்.

புதிதாக வளர்ந்த முடி சுருட்டையாக வந்தது. "இன்னாடி, காமாலை வந்தா முடி சுருண்டுக்குமா?" என்று என் தோழி கேட்டாள். "கீழாநெல்லி குளிர்ச்சிடி, அதான்" என்றேன். நம்பினாள். அவளோடு கை கோர்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவதைவிடப் பெரிய சுகம் எனக்கு அந்த வருடத்தில் வேறு இல்லை.

என் நைனா பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிப்பவர். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் அம்மா கட்டிலுக்குக் கீழே படுத்தாள். நைனா வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், மழை பெய்தால் கூரையைத் தேடிக்கொண்டு படுத்தார். எங்களைப் போல வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கு ஒரு கட்டடம் கட்டப்போவதாகவும், அதற்குப் பணம் திரட்ட ஓட்டப்பந்தயம் நடக்கப்போவதாகவும் ஒருமுறை பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் அக்கா சொன்னார். சென்னையில் ஓடி ஓடி அலுத்துப்போனவர்கள், பூநாரைகள் வரும் பருவத்தில் பழவேற்காட்டு ஏரிக்கரையிலும் பாலத்திலும் ஓட ஆசைப்பட்டார்களாம்.

"எங்க ஊர்லியா? அப்போ நானும் ஓட்றேன் சிஸ்டர்" என்றார் நைனா. நர்ஸ் அக்கா சிரித்துக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டார்.

ஏரியில் இன்ன நாள் இன்னார் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்துக் கொடுக்கும். அதைப் பாடு என்போம். பந்தயம் எங்கள் பாடு நாளில் வந்து விழுந்தது. "பாடு வர்ற நாள்ல பாலத்து மேல ஓடப்போறியா? உனக்கு இன்னா பைத்தியமா?" என்று அம்மா கத்தினாள். நைனா விடியற்காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலத்தில் ஓடிப் பழகினார். சேற்றிலும் தண்ணீரிலும் வலை இழுத்தே பழகிய கால்கள். தார்ச்சாலையிலும் ஏதோ முழங்கால் தண்ணீரில் போவதுபோலத் தூக்கித் தூக்கி வைப்பார். "இன்னா மாமா, எவனாச்சும் தொரத்துறானா?" என்று படகுக்காரர்கள் கேட்டார்கள். "சுகருப்பா. டாக்டர் ஓடச் சொல்லிக்கிறாரு" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நைனாவும் நன்றாகப் பொய் சொல்லுகிறார் என்று நினைத்தேன்.

பந்தயத்தன்று சென்னையிலிருந்து பஸ்களில் வந்து இறங்கினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கை தட்டுவதற்காகச் சாலையோரம் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை மாதிரி ஒருவர், பள்ளிப் பிள்ளைகள், தொப்பை போட்டவர்கள், நரைத்த தலையோடு ஒரு பாட்டியம்மா, எல்லோரும் ஓடி முடித்து இளநீர் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் நைனா வந்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த மஞ்சள் பனியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. யாரோ கொடுத்த ஷூ கடித்திருக்க வேண்டும். அதைக் கழற்றிக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில் சேறு மிதிப்பதுபோல வந்தார். வரிசை முழுக்கச் சிரித்தது.

"ஏய், உங்க நைனாடி!" என்றாள் தோழி. நான் குனிந்து காலில் ஏதோ முள் குத்தியதுபோலத் தேடினேன்.

எங்கள் வரிசைக்கு எதிரே, பாலத்தடி முடிவுக் கோட்டில் மைக் வைத்திருந்தவர் ஒவ்வொருவரிடமும் எதற்காக ஓடினீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். உடம்பு குறைய, மனசு லேசாக, என்றெல்லாம் சொன்னார்கள். "ஐயா, நீங்க சொல்லுங்க" என்று நைனாவிடம் நீட்டினார். சுகர் என்று சொல்லிவிடு நைனா, சுகர் என்று சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

நைனா டார்ச் லைட்டைப் பிடிப்பதுபோல மைக்கைப் பிடித்தார். மூச்சிரைத்தது. "எம் பொண்ணுக்கு ரத்தத்துல கேன்சர் வந்துட்ச்சிங்க. பொழைக்காதுன்னுதான் தூக்கினு போனேன். இந்த ஆஸ்பத்திரிதான் காப்பாத்திக் குட்துச்சி. தோ, நிக்கிது பாருங்க, சுருட்ட முடி, அதான் எம் பொண்ணு."

கையைக் காட்டினார். எல்லாத் தலைகளும் திரும்பின. சென்னைக்காரர்கள் கை தட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் தட்டவில்லை. என் தோழி என் விரல்களிலிருந்து தன் விரல்களை மெதுவாக உருவிக்கொண்டாள். கூட்டத்தில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது தெரிந்தது. அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் கழுத்தில் பந்தயத்தில் கொடுத்த மெடலைப் போட வந்தார் நைனா. தட்டிவிட்டேன். "காமாலைன்னுதான சொல்லிகினு இருந்தோம்? ஏன் நைனா சொன்ன?"

"மூச்சு வாங்குச்சிம்மா. வாயில வந்துட்ச்சி" என்றார்.

அம்மா அவரோடு பேசவில்லை. அன்று அடுப்பும் எரியவில்லை.

சாயங்காலம் ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்திலிருந்து ஓர் அக்கா படகில் வந்தாள். எங்களுக்கு உறவில்லை, மீன் ஏலத்தில் அம்மாவுக்குப் பழக்கம், அவ்வளவுதான். இடுப்பில் ஒரு பையன். நடக்கிற வயதுதான், ஆனால் நடக்கவில்லை. அந்த வெயில் தணியாத நேரத்திலும் அவனைத் துண்டால் மூடியிருந்தாள். கேன்சர் பெண்ணை வேடிக்கை பார்க்கப் படகு பிடித்து வந்துவிட்டாள் என்று நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவள் உட்காரவில்லை. "யக்கா, பாலத்தாண்ட உங்க வூட்டுக்காரரு சொன்னது நெஜமா?" என்றாள். நைனாதான் ஆமாம் என்றார்.

"காமாலைன்னுதானக்கா எங்கிட்ட சொன்ன? கீழாநெல்லியில சரியாச்சின்னு சொன்னியே. இவனுக்கும் அப்டியேதான் காச்சலு, அங்கங்க நீலமா கன்னிப் போவுது. உம் பொண்ணுக்கு நல்லாச்சேன்னு நானும் அதையே அரைச்சிக் குட்துனுகீறேன், மாசக்கணக்கா."

துண்டை விலக்கிப் பையனின் கையைக் காட்டினாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

மறுநாள் பொன்னேரி போய் முதல் ரயிலில் நைனா அவர்களைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனார். வரவேண்டிய காலத்தில் வரவில்லையே என்று டாக்டர் கடிந்துகொண்டாராம். முடிந்ததையெல்லாம் செய்தார்கள். அடுத்த வருடம் பூநாரைகள் வருவதற்கு முன்பே அந்தப் பையன் போய்விட்டான். இதெல்லாம் எனக்குப் பிறகு, வளர வளர, ஒவ்வொன்றாகப் புரிந்தது.

அன்று சாயங்காலம் கதவிடுக்கில் நான் கவனித்தது நைனாவை மட்டும்தான். இன்னமும் அந்த மஞ்சள் பனியனோடு இருந்தார். அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஊரே கேட்க மைக்கில் சொன்னோமே என்று இப்போதாவது அவருக்கு வெட்கம் வந்ததே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.