ஒரு குட்டிக் கத்திக்காகக் கோவில்பதாகைக்கு இரண்டு நாள்

மடக்கினால் ஓர் அங்குலத்துக்கு மேல் போகாத பழைய பேனாக்கத்திகளைத் தேடி அலைகிறவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இன்னொருவரும் இருந்து, ஆவடிப் பக்கம் கிளம்புகிறார் என்றால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போகட்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பட்டது போதும்.

அப்போது பூந்தமல்லியில் குடியிருந்தேன். கோவில்பதாகையில் தாமோதரன் என்பவரிடம் சிப்பிப் பிடி போட்ட குட்டிக் கத்தி ஒன்று இருந்தது. அவருக்கு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் கிரைண்டிங் வேலை. கத்தி அவர் மாமனாருடையது. அலகின் அடியில் செய்தவனின் முத்திரை. முதலில் அவர் காட்டியபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்; மூன்று எழுத்து தெரிந்தது, மிச்சம் துருவுக்குள் கிடந்தது. அதைப் படித்தால்தான் யார் செய்தது, எந்தக் காலத்தது என்று தெரியும். சொன்னால் விலையை ஏற்றிவிடுவார் என்று முத்திரையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. பெரிய சாமர்த்தியசாலி!

மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர், ஒரு மாதம் கழித்து 'வரலாம்' என்று கார்டு போட்டார். ஆபீஸ் லீவாயிற்றே என்று ஆயுத பூஜையன்று வருவதாகப் பதில் எழுதினேன். புத்தி எங்கே மேயப் போனதோ தெரியவில்லை.

காலை 9.10க்குப் பஸ். ஒன்பது கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய். ஆவடியில் இறங்கும்போது 9.50. அங்கிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். ஆட்டோக்கள் எல்லாம் வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து வரிசையாக நின்றன. ஒன்றும் நகர்வதாக இல்லை.

"பூசணிக்கா ஒடச்சாதான் வண்டி எட்ப்பேன் சார். இன்னா அவசரம்?" என்றார் டிரைவர்.

உடைக்கும்போது பத்தே முக்கால். பதினைந்து ரூபாய் பேசி, பூஜை போட்ட வண்டி என்று மேலே ஐந்து வாங்கிக்கொண்டார்.

தாமோதரன் வீட்டுக் கூடத்தில் ஸ்பேனர், சுத்தியல், அரிவாள்மனை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் குவிந்திருந்தன. மேலே ஒரு கூடைப் பூ. அதற்கடியில் எங்கோ என் கத்தி.

"பூஜைல வெச்சத இன்னிக்கி எட்க்கக் கூடாது சார். நாளிக்கி காலீல வந்து வாங்கினு போ" என்றார்.

"ஒரு தடவை பாத்துட்டாவது போறேனே?"

"தொடக் கூடாதுண்ணா. சுண்டல் சாப்ட்டு போங்க" என்றார் அவர் மனைவி.

சுண்டல் நன்றாகத்தான் இருந்தது. எரிச்சலில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் அதே பஸ். ஆட்டோவுக்குக் கொடுக்க மனம் வராமல் நாற்பது நிமிடம் நடந்தேன். தாமோதரன் சிரித்துக்கொண்டே கத்தியை என் உள்ளங்கையில் வைத்தார். கண் கூசியது.

"துருப் புட்ச்சத சாமி முன்னால வெக்க முடியுமா சார்? பட்டறைக்கு எட்த்துகினு போயி, எமரி பேப்பர் போட்டு தேச்சி, பஃப் வீல்ல பாலிஷ் அட்ச்சேன். மொகமே தெரியும் பாரு."

அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இங்க ஏதோ எழுத்து இருந்துச்சே?"

"அதுவா? அதான் சார் போவவே மாட்டேன்னிச்சி. அதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சி."

முதல் நாளே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். அவரை என்னவென்று திட்டுவது? பேசியபடி நூற்றைம்பது ரூபாயைக் கொடுத்தேன். "பஃப்புக்குத் தனியா வேணாம் சார், நீ வர்றேன்னுதான் செஞ்சேன்" என்றார். அழுகை வராத குறை.

போகிறவர்களுக்கு: கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, நம்பாதீர்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரமே போய்விடுங்கள், பட்டறைகளில் சுத்தம் செய்ய ஆரம்பிப்பதற்குள். கத்தியில் உங்களுக்கு எது முக்கியமோ, அதை முதல் நாளே விரலால் தொட்டுக் காட்டிவிடுங்கள். விலை ஏறினால் ஏறித் தொலையட்டும்.

இன்று என் அலமாரியில் நாற்பது கத்திகள் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் நேராகக் கை நீட்டி தாமோதரன் கொடுத்ததைத்தான் எடுக்கிறார்கள். "இது ஒண்ணைத்தான் நல்லா வெச்சிருக்கீங்க" என்கிறார்கள்.