முன் சீட்டுச் சூடு

ரெக்ஸின் சீட்டு சூடேறும்போது கிளம்பும் வாசனை, கொஞ்சம் பெட்ரோலும் கொஞ்சம் பலாப்பழமும் கலந்து, எந்த வண்டியில் என் மூக்கில் பட்டாலும் எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது. எங்கள் வேனில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. மார்கழிக் குளிரில் மலைமேல் பெரக்கரை நாட்டிலிருந்த எங்கள் ஊரை விட்டு விடியற்காலையில் கிளம்பும்போது, முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தொடை கதகதவென்று இருக்கும். பின்னால் இருக்கும் எனக்குப் பல் தந்தியடிக்கும்.

அந்த வேன் எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு பஞ்சாயத்துக்குப் பிறகுதான். அம்மா, மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துப் பெண். மலைக்கு வாக்கப்பட்டு வந்தவள். என்னையும் தம்பியையும் சேந்தமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், வாடகைக்கு வீடு பிடித்துக் கீழேயே போய்விடலாம் என்றாள். மிளகையும் மரவள்ளியையும் விட்டு இறங்க அப்பாவுக்கு மனசில்லை. கடைசியில், ஒரு வண்டி வாங்கித் தினமும் போய் வருவது என்று முடிவாயிற்று. மலையில் எல்லாரையும் போல அப்பா ஜீப்தான் பார்த்தார்.

"ஏனுங்க, ஜீப்புல போனா மழை பூரா மடியிலதானுங்க. நாலு பக்கமும் சாத்துற வண்டியா வாங்குங்க, நான் எங்கயும் போகல" என்றாள் அம்மா.

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அப்பா, "இந்த டப்பா மலை ஏறுமா?" என்று ஊரே சிரிக்கச் சிரிக்க, பழைய வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். காலையில் எங்களைப் பள்ளியிலும் அம்மாவை அவள் வேலை பார்த்த தையல் கடையிலும் விட்டுவிட்டு, கொண்டுபோன பலாவையும் வாழைத்தாரையும் விற்றுவிட்டு, சாயங்காலம் எங்களை ஏற்றிக்கொண்டு திரும்புவார். தம்பி சின்னவன், அதனால் அம்மா மடியில், முன் சீட்டில். எனக்குத் துணை வாழைத்தார்கள்.

ஒருநாள், எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், நிஜமாகவே வயிற்றைப் புரட்டி வாந்தி எடுத்தேன். "முன்னால வந்து உக்காரு சாமி, வளைவு தெரியாது" என்று அப்பா இடம் மாற்றினார். அந்தச் சூட்டில் உட்கார்ந்த பிறகு யாருக்குப் பின்னால் போக மனசு வரும்? மறுநாள் என் வயிறு நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் இரண்டாவது வளைவிலேயே குமட்ட ஆரம்பித்தேன். ஒரே வாரத்தில் அதில் கைதேர்ந்துவிட்டேன். இட்லியை விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, நல்ல வளைவாகப் பார்த்து ஜன்னலுக்கு வெளியே துப்புவேன். காலைச் சாப்பாடு இப்படிப் போனதில் உடம்பு இளைத்தது. அதுவும் எனக்குச் சாதகமாகவே பட்டது.

"புள்ள எலும்பாப் போயிட்டாளுங்க. இந்தப் பாதை அவளுக்கு ஒத்துக்கல. கீழயே போயிரலாமுங்க" என்று அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னபோது, எனக்குத் திக்கென்றது. அப்பா என்னைக் கூப்பிட்டு, "நெசமாவே முடியலியா கண்ணு?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வயதில் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. "ஆமாங்கப்பா" என்றேன்.

அடுத்த மாதம் பாத்திரங்களும் பாய்களும் எங்களோடு அதே வேனில் இறங்கின. அன்று ஒரு வளைவில்கூட நான் குமட்டவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை. அப்பா மட்டும் மேலே தங்கினார். வாராவாரம் வந்தவர், பிறகு மாதாமாதம் வந்தார். ஓட்டம் குறைந்துபோன வேனை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் நாலு பேரும் ஒன்றாக ஒரே வீட்டில் தூங்கி எழுந்த நாட்களும் அதோடு போயின.

இப்போது எனக்கும் இரண்டு பிள்ளைகள். போன மாதம் நானும் என் கணவரும் வேன் பார்க்கப் போனபோது அம்மாவும் கூட வந்தாள். புது சீட்டைத் தடவிக்கொண்டே, இத்தனை வருடம் தொண்டையில் கிடந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுங் கண்ணு. வாந்தி எடுக்கற புள்ள பொழுது சாய மூணு தோசை திங்குமா?"

"அப்புறம் ஏம்மா சும்மா இருந்த?"

"எனக்குக் கீழ வரோணும்னு இருந்துச்சு. அதச் சொல்ல ஒரு சாக்கு வேணுமில்ல?"

அவள் மேல் கோபப்படுவதா, என் மேல் இருந்த பழி பாதியாவது இறங்கியதே என்று நிம்மதிப்படுவதா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்பாவிடம் என் பொய்யைச் சொன்னால் அம்மாவின் பொய்யும் வெளியே வந்துவிடும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் சென்ற வாரம் மலைக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா என் பையை வாங்கிக்கொண்டார்.

"வளைவுல ஒண்ணும் பண்ணலியா கண்ணு?"

"இல்லீங்கப்பா. நல்லாத்தான் இருந்துச்சு."

"அன்னைக்கே இப்படி இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் முன்னால் நடந்தார்.