சாஸ்தா மடுவில் ஒரு மாப்பிள்ளை

காலை பத்து மணிக்குக் குற்றாலம் போய்ச் சேர்ந்தோம். நானும் என் மைத்துனன் கணபதியும். அன்று மாலை நாலு மணிக்கு வீரகேரளம்புதூரில் அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். பெரியவர்கள் மதுரையிலிருந்து நேராக அங்கே போய்விட்டார்கள். குற்றாலம் வரை வந்து குளிக்காமல் போவதா என்று இவன்தான் என்னை இழுத்து வந்தான்.

ஐம்பது நயா பைசாவுக்கு ஓர் ஆள் அவனைப் பலகையில் படுக்கவைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துப் பிசைந்தார். எழுந்து அருவிக்குப் போனால் போலீஸ்காரர் கையை விரித்துவிட்டார். மலையில் மழை, அருவியில் வெள்ளம், யாரும் குளிக்கக்கூடாது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் வெள்ளம் வடியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பகல் ஒரு மணிக்குத் தென்காசியில் பஸ் ஏறினோம். இடுப்பில் துண்டோடு பளபளவென்று நின்றவனைப் பார்த்துக் கண்டக்டர் பதறினார்.

"அண்ணாச்சி, சீட்டுல உக்காராதிய! கம்பியையும் பிடிக்காதிய!"

பிறகு எதைத்தான் பிடிப்பது? என்னைப் பிடித்துக்கொண்டு வந்தான். என் சட்டையும் போயிற்று.

எண்ணெயைக் கழுவ, ஊருக்கு ஒரு மைல் முன்பே ஆற்றங்கரையில் இறங்கினோம். படித்துறை இல்லை, மண்டபம் இல்லை, பெயர்ப்பலகைகூட இல்லை. மருத மரங்கள் தண்ணீருக்கு மேல் சாய்ந்திருந்தன. நாரைகள் எங்களைச் சட்டை செய்யவில்லை. தெளிந்த மடுவில் முழங்கை நீள மீன்கள் கரையோரம் வரை வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததே இல்லை. பெண் பார்ப்பதையே மறந்து நின்றேன்.

கணபதி தண்ணீரில் காலை நீட்டினான்.

"ஏ, எண்ணெயோட எறங்காதிய!" என்று ஒரு குரல். பக்கத்து வாழைத்தோட்டத்துச் சுடலைமுத்து, மண்வெட்டியோடு ஓடி வந்தார். "இது சாஸ்தா மடு. மீனு, பறவ, கொரங்கு எல்லாம் அவருக்குச் சொந்தம். யாரும் தொட மாட்டோம்."

நாங்கள் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோதே ஒரு குரங்கு எங்கள் பையைத் திறந்து, கணபதியின் புது வேட்டியோடு மரமேறிவிட்டது. கணபதி கல்லை எடுத்து ஓங்கினான். எண்ணெய்க் கையில் கல் நிற்குமா? வழுக்கி அவன் காலிலேயே விழுந்தது.

சுடலைமுத்து அவனைக் கையோடு அழைத்துப் போனார். தோட்டத்தில் நிறுத்திக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். சீயக்காய் தேய்த்தும் எண்ணெய் அரைவாசிதான் போயிற்று. தம் வேட்டி ஒன்றை உடுத்தக் கொடுத்து, பெண் வீடு வரை கூடவே வந்தார். வழியில் எதிர்ப்பட்ட அத்தனை பேரிடமும் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு மானம் போயிற்று.

நாலு மணி. பஜ்ஜி வந்தது, காப்பி வந்தது, பெண் வரவில்லை. பெண்ணின் அப்பா உள்ளே போய்விட்டு வந்து தயங்கினார்.

"பிள்ள ஒண்ணு கேக்கச் சொல்லுதா. கொரங்கு மேல கல்லு எறிஞ்சியளா?"

அக்கம்பக்கத்தார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். 'சேச்சே' என்று சொல்ல நான் வாயெடுத்தேன். கணபதி முந்திக்கொண்டான்.

"எறியத்தான் எடுத்தேன். வழுக்கிருச்சு."

தொலைந்தது சம்பந்தம் என்று தலையைக் குனிந்தேன். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. அது அடங்குமுன்பே பெண் வந்து நின்றாள்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பார்கள், நட்சத்திரத்தைக் கேட்பார்கள். வைகைக் கரையில் குரங்குக்காக வழக்காடிய பெண்ணை நான் கண்டதில்லை.

பேசி முடித்துப் பெண் வீட்டார் எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது கல்யாணத் துணிமணி பற்றிப் பேச்சு வந்தது.

"மாப்பிள்ளைக்கு வேட்டி ரெண்டா எடுத்திருதேன்" என்றார் பெண்ணின் அப்பா. "மறுவீட்டுக்கு அந்த ஆத்த தாண்டித்தான வரணும்?"