மோதிரத்துக்குள் வெட்ட வந்த செபுவானோ

பிரெஞ்சு நாட்டில், ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடையில் இருபத்தாறு வருடம் நகைகளில் எழுத்து வெட்டினேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு விதி சொல்வேன்: தெரியாத மொழி என்றால், அதைப் பேசுகிற ஒருவர் வாசித்துச் சரி சொல்லாமல் உளியைத் தொடாதீர்கள். ஆரம்பத்தில் ஒரு போர்த்துக்கேயப் பெண்ணின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன். அவள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த விதியால் சுதன் என்றொரு பையனை நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வியாழன்

கடை திறந்ததும் வந்து நின்றான். செவ்ரான் புறநகரில் இருப்பவன், ரெஸ்டோரண்டில் சமையல் வேலை. மோதிரத்தையும் ஒரு துண்டுத் தாளையும் நீட்டினான்.

"அண்ணை, இதை உள்ளுக்கு வெட்டித் தாங்கோ."

Gihigugma ko ikaw என்று இருந்தது.

"என்ன பாஷை தம்பி உது?"

"செபுவானோ. பிலிப்பைன்ஸிலை செபுப் பக்கம் பேசுறது. மரிசெல்லின்ரை பாஷை. உன்னைக் காதலிக்கிறன் எண்டு அர்த்தம். போனிலை தேடி எடுத்தனான்."

மரிசெல் அவனுடைய கட்டடத்தில் குடியிருப்பவள், பிள்ளை பார்க்கும் வேலை. இரண்டு வருடப் பழக்கம். சனிக்கிழமை மூன்று மணி ரயிலில் மிலானுக்கு, அக்காவிடம், ஒரேயடியாகப் போகிறாள்.

"போகட்டோ எண்டு கேட்டவள் அண்ணை. நான் உன்ரை விருப்பம் எண்டு சொல்லிப்போட்டன்."

"அட விசரா!"

மரியாதைக்குச் சொன்னானாம். நம்மவர்கள் மரியாதை பார்த்தே எல்லாவற்றையும் கெடுப்பார்கள். ஆனாலும் விதி விதிதான். வாசிக்க ஆள் கூட்டிவா என்று அனுப்பிவிட்டேன்.

சனி

பன்னிரண்டரைக்குத் தனியாக வந்தான்.

"சேர்ச்சுக்கு வாற பிலிப்பினோ ஆக்களிட்டைக் காட்டினன். அவை மணிலாப் பக்கமாம். செபுவானோ வடிவாத் தெரியாதாம். வெட்டுங்கோ அண்ணை, காலிலை விழுறன்."

உட்கார்ந்தான், எழுந்தான், கண்ணாடிக் கதவுவரை போய்த் திரும்பி வந்தான். அவன் அவசரம் எனக்கும் தொற்றியது. மோதிரத்தைப் பிடிப்பானில் இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். விதியை மீறவும் மனமில்லை, அவனைத் திருப்பி அனுப்பவும் மனமில்லை.

"அவளுக்கே போன் எடு. அவள் சரி எண்டால் வெட்டுறன்."

"பிறகு மோதிர விஷயம் அவளுக்குத் தெரிஞ்சுபோடுமே!"

"தெரியட்டும். ரயில் போனாப் பிறகு தெரிஞ்சு என்ன பலன்?"

ஸ்பீக்கரில் போட்டான். பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தான். பெட்டிச் சத்தம் நின்றது.

"யார் எழுதித் தந்தது?" அவள் பிரெஞ்சில் கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை, நானேதான் தேடி எடுத்தனான்."

"இன்னொருக்கால் சொல்லு."

இந்தமுறை தாளைப் பார்க்காமல் சொன்னான். அவள் தன் மொழியில் ஏதோ சொன்னாள், குரல் உடைந்திருந்தது.

"என்னவாம்?" என்றேன்.

"தெரியேல்லை அண்ணை."

"பிறகேன் அழுறாய்?"

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். மோதிரம் என் மேசையிலேயே கிடந்தது. அவன் போய்ச் சேர்ந்தானோ, அவள் ஏறிவிட்டாளோ என்று மூன்று நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் தலையைத் தூக்கினேன்.

புதன்

இருவருமாக வந்தார்கள்; அவள் ரயில் ஏறவில்லையாம். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. தாளில் இருந்ததை வெட்டவா என்று கேட்டேன். மரிசெல் தலையாட்டி மறுத்து, வேறொன்றை எழுதினாள்: Nikaon na ka?

சாப்பிட்டாயா? சுதன் அவளுடைய மொழியில் முதலில் கற்றது அதுதானாம். இரண்டு வருடம் வேலை முடிந்ததும் தினமும் அதைத்தான் அவளுக்குப் போனில் அனுப்பினானாம்.

"இதை வெட்டுங்கோ. மற்றதை அவர் வாயாலை சொல்லட்டும், ஒவ்வொரு நாளும்" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

விதிப்படி வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். வெட்டினேன்.

வாசிக்கக் கேட்காமல் வெட்டாதீர்கள் என்று இன்றும் சொல்வேன். பிழை வரும் என்பதற்காக மட்டுமல்ல. வியாழக்கிழமையே நான் வெட்டிக் கொடுத்திருந்தால், மோதிரத்தை அவள் கையில் வைத்துவிட்டு அவன் வாய் திறக்காமல் நின்றிருப்பான். எனக்கு அது நன்றாகத் தெரியும். என் மனைவியின் மோதிரத்தில் எழுத்து வெட்டியது நான்தான். அதை வாயால் நான் இன்றுவரை சொன்னதில்லை.