மாமன் மடி

மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் காது குத்துவதில்லை. என் மாமாவோ, எனக்கு நாள் குறிப்பதற்கு முன்பே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டினார். அந்த ஜீப்பும் முதலாளியுடையது. கல்யாணம் இல்லை, காணி இல்லை. அவர் விட்டுப்போன சொத்து ஒரு மழைக்கோட்டும் ஒரு செல்போனும்தான். போனிலும் கண்ணாடி உடைந்திருந்தது.

விசேஷம் நெருங்க நெருங்க அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்த வீட்டுச் சீர் கொண்டுவர ஆளில்லாமல் நாலு பேர் முன்னால் எப்படி நிற்பது? அப்பாவின் அக்காவான என் அத்தை சும்மா இருக்கிற ரகமில்லை. மாமன் சீரே இல்லாத காதுகுத்தை இப்போதுதான் பார்க்கப்போகிறேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளூரக் கும்மாளம். மடி இல்லையென்றால் ஊசியும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

ராசிங்காபுரம் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயில். காலையில் எனக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே மாமன் எங்கே என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் ஜீப் சத்தம் கேட்டது. அது காய் பறிக்கிற காலம். விடியும் முன்பே போடிமெட்டு ஏறியிருக்க வேண்டிய ஜீப்புகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கோயிலுக்கு வந்து நின்றன. தோட்டத்தில் காய் பறிக்கிற பெண்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு ஆளுக்கொரு சீர்த்தட்டோடு வந்திருந்தார்கள். தேங்காய், பழம், வளையல், வெல்லம், எனக்கொரு பச்சைப் பட்டுப்பாவாடை. அம்மாடி, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான்.

முன்னால் வந்த பெண் அம்மாவின் கையைப் பிடித்து, வெரசாக வரப் பார்த்தும் நேரமாகிவிட்டது என்று வருத்தப்பட்டாள். பிறகு ஆசாரிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை நோக்கிக் கையை நீட்டினாள். அத்தை விடுவாளா? மாமன் இடத்தில் பொம்பளை உட்காருவது எந்த ஊர் வழக்கம் என்று குறுக்கே வந்தாள்.

தோட்டத்து ஜீப்பில் முன்சீட்டு எப்போதும் வேலை வாங்குகிற கங்காணிக்குத்தான். மாமா ஜீப்பில் மட்டும் அது பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு. கங்காணி பின்னால் தொங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். மலை ஏறி இறங்கும் அத்தனை வளைவிலும் அந்தச் சட்டம் மாறாதாம்.

"எங்கண்ணே முன்சீட்டுல உக்கார வச்சுப் பதனமாக் கொண்டாந்த வயிறு இது" என்றாள் அந்தப் பெண். "அவரு மருமகளுக்கு இந்த மடி ஆகாதா மதினி?"

அத்தை விலகி வழிவிட்டாள். அம்மா என்னைத் தூக்கி அந்த மடியில் வைத்தாள். ஊசி ஏறியதும் நான் கோயிலே அதிரக் கத்தினேன். அம்மா என்னைவிடச் சத்தமாக அழுதாள். வலி எனக்கு, இவள் ஏன் அழுகிறாள் என்று எரிச்சலாக வந்தது.

பள்ளிக்கூடத்தில் கம்மலைக் காட்டிக் காட்டி, போடியிலேயே பெரிய பணக்காரர் எங்கள் மாமாதான் என்று அடித்துச் சொன்னேன். இல்லாவிட்டால் மலைக்குப் போகிற ஜீப்பெல்லாம் எனக்காகத் திரும்பி வருமா என்றும் கேட்டேன். பிள்ளை பொய் சொல்லப் பழகுகிறாள் என்று டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அம்மா என் காதுக் கம்மலைத் தொட்டுப் பார்த்தாள்.

"பொய் இல்ல டீச்சர்" என்றாள். "எங்கண்ணே பெரிய பணக்காரருதான்."